அந்தப் படம் இப்போது எங்கே இருக்கிறது?

கணினி வகுப்பு என்றால் முதல் நாள் ஒரு படத்தைக் காட்டுவார்கள். இது திரை, இது விசைப்பலகை, இது சுட்டி. அடுத்த நாள் கோப்பைத் திறப்பது, மூடுவது. கடைசியில் சான்றிதழ் கொடுத்து, வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று ஜொகூரில் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த ஊர்களில் அப்படிப்பட்ட வகுப்புக்குப் போய் வந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் பிறகு கேட்கும் கேள்விகளோ வேறு மாதிரி. "தம்பி, ஹேண்ட்போன் தண்ணியில விழுந்துடுச்சு, பேரன் படமெல்லாம் போச்சா?" "வைஃபை ஃபுல்லா காட்டுது, ஆனா ஒண்ணும் திறக்க மாட்டேங்குதே?" "பேங்க்ல இருந்து ஆறு நம்பர் வந்திருக்கு, ஒருத்தர் போன் பண்ணிக் கேக்குறாரு, சொல்லலாமா?" இதில் எதற்குமே சுட்டியின் படம் உதவாது.

மூன்றும் அடிப்படையில் ஒரே கேள்விதான்: இது இப்போது எங்கே இருக்கிறது? பேரன் படம் என் கைப்பேசிக்குள் மட்டும் இருந்ததா, வேறு யாருடைய கணினியிலாவது ஒரு பிரதி இருக்கிறதா? தடங்கல் வீட்டுக்குள்ளா, வெளியிலா? என் பணத்தைத் திறக்கும் சாவி யார் கையில்? திரையில் பொத்தான்கள் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும், அதை மனப்பாடம் செய்து மாளாது. எது எங்கே இருக்கிறது என்பது அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம் என்பது என் கட்சி.

முதலில் கையில் இருப்பது. கைப்பேசியும் ஒரு கணினிதான். மேசைக் கணினியில் இருக்கும் முக்கியமான உறுப்புகள் எல்லாம் அதிலும் உண்டு. பணப்பையில் இருக்கும் மைகாட் அடையாள அட்டையில் தங்க நிறத்தில் சின்னதாக ஒரு கட்டம் தெரிகிறதே, அதன் அடியிலும் ஒரு கணினிச் சில்லு இருக்கிறது. மைகாட் 2001இல் வந்தது. 'எனக்குக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியாதுப்பா' என்று சொல்பவர்கூட அன்றிலிருந்து ஒரு குட்டிக் கணினியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பாசாருக்குப் போய் வருகிறார்.

கணினிக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்து ஆபீஸ் போதும். கிராணியார் உட்கார்ந்திருக்கிறார். கணக்குப் போடுபவர் அவர், கணினியில் அந்த வேலையைச் செய்வது சிபியு எனப்படும் சில்லு. அவருக்கு முன்னால் ஒரு மேசை, அதுதான் ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம். சுவரோரம் ஒரு பீரோ, அதுதான் சேமிப்பகம். காலையில் பெரட்டு முடிந்ததும் பீரோவிலிருந்து பேரேட்டை எடுத்து மேசையில் விரித்தால்தான் அவர் எழுத முடியும். மேசை சின்னதாக இருந்தால் ஒன்றை மூடிவைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும், வேலை இழுத்துக்கொண்டே போகும். மாலையில் மேசையைத் துடைத்துவிடுவார்கள். பீரோவுக்குள் வைத்தது மட்டும்தான் மறுநாள் இருக்கும்.

கடையில் கைப்பேசி வாங்கும்போது '8 ஜிபி, 256 ஜிபி' என்று இரண்டு எண் சொல்கிறார்களே, முதலாவது மேசை, இரண்டாவது பீரோ. இது தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 'இடம் இல்லை' என்று கைப்பேசி சொன்னால் நிரம்பியிருப்பது பீரோ. திறந்து கிடக்கும் செயலிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. வாட்சப்பில் தினமும் வந்து குவியும் காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் அழித்தால்தான் வழி பிறக்கும். கைப்பேசி திக்கித் திணறினால் மேசை போதவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம், அப்போது மூடினால் பலன் உண்டு. மேசைக் கணினியில் கடிதம் தட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எழுதியது காணாமல் போவதும் இதனால்தான். சேமிக்கும்வரை அது மேசையில்தான் கிடந்தது.

சில்லுகள் நம் ஆட்களுக்கு அந்நியமான பொருளும் இல்லை. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் பினாங்கில் திறந்தது. அதைத் தொடர்ந்து நாட்டில் பல இடங்களில் முளைத்த மின்னணுத் தொழிற்சாலைகளுக்குத் தோட்டத்துப் பெண்கள் நிறையப் பேர் வேலைக்குப் போனார்கள். இருட்டோடு வந்து நிற்கும் தொழிற்சாலை பஸ் பல குடும்பங்களுக்கு நினைவிருக்கும். உருப்பெருக்கிக்குக் கீழே மயிரிழைக் கம்பியை ஒட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட அக்காமார்களை உட்காரவைத்து, அந்தப் பொருள் வெளியே போய் என்ன வேலை செய்கிறது என்று சொன்னவர்கள் குறைவு. இன்று அவர்களில் சிலர் கைப்பேசியைத் தொடவே பயப்படுகிறார்கள் என்றால், குறை அவர்களிடம் இல்லை.

சில்லுக்குள் இருப்பவை கோடிக்கணக்கான நுண்ணிய மின் சுவிட்சுகள். ஒவ்வொன்றும் மூடியிருக்கும் அல்லது திறந்திருக்கும். அதைத்தான் 1, 0 என்று எழுதுகிறோம். அப்படி ஓர் இடம் ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எட்டு சுவிட்சுகளை 256 விதமாக மாற்றி வைக்கலாம், ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் அது தாராளம். படம், பாட்டு, குரல்பதிவு, வங்கிக் கணக்கு எல்லாமே கடைசியில் இப்படி எண்களாகத்தான் உள்ளே கிடக்கின்றன.

சரி, தமிழ் எப்படி? யூனிகோடு என்று உலகத்துக்கே பொதுவான ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனித்தனி எண். மகனுக்கு 'அம்மா' என்று தட்டி அனுப்பினால் கைப்பேசி அனுப்புவது 2949, 2990, 3021, 2990, 3006 என்ற ஐந்து எண்களை. வரிசையாக அவை அ, ம, புள்ளி, திரும்பவும் ம, கடைசியில் கால். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. 'மா'வை அழிக்கப் பார்த்தால் முதல் தட்டலில் கால் மட்டும் போய் 'ம' அப்படியே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். இணையத்தில் பரவலாக இருக்கும் முறைப்படி இந்த எண் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் ஆகும், ஆகவே 'அம்மா'வுக்கு 15 பைட். ரோமன் எழுத்தில் தட்டினால் நாலே பைட். வாட்சப்பில் இந்த வித்தியாசம் தூசு. குறுஞ்செய்திக் காலத்தில் அப்படி இல்லை. ஒரு குறுஞ்செய்திக்கு ஆங்கிலத்தில் 160 எழுத்து என்றால் தமிழில் 70 எண்தான், நாலு வார்த்தை நலம் விசாரித்தால் இரண்டு செய்திக்குக் காசு போய்விடும்.

இந்தப் பொதுப்பட்டியல் பரவுவதற்கு முன்னால் ஆளுக்கோர் எழுத்துரு வைத்திருந்தார்கள். ஒருவர் தமிழில் தட்டி அனுப்பியது, அதே எழுத்துரு இல்லாத இன்னொருவர் கணினியில் புரியாத குறிகளாக வந்து நிற்கும். அந்தக் காலத்திலிருந்து தமிழைக் கணினிக்குள் கொண்டுவர உழைத்தவர்களில் முன்னால் நிற்பவர் மலேசியரான முத்து நெடுமாறன். 1980களில் அவர் தொடங்கிய முரசு பிறகு முரசு அஞ்சல் ஆனது. கைப்பேசிக்குச் செல்லினம் வந்தது. உலகத் தமிழர் கையில் புழங்கும் ஒரு கருவி நம் நாட்டில் பிறந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம், தப்பில்லை.

அடுத்தது, நம் ஊரில் எல்லாரும் 'லைன்' என்று சொல்வது. அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் கிடக்கின்றன. வைஃபை என்பது வீட்டில் இருக்கும் ரவுட்டர் பெட்டிக்கும் உங்கள் கைப்பேசிக்கும் நடுவே சில மீட்டர் தூரம் போகும் வானொலி அலை. அவ்வளவுதான் அதன் வேலை. அந்தப் பெட்டியிலிருந்து வெளியே போகும் ஃபைபர் கம்பி இரண்டாவது. அந்தக் கம்பி போய்ச் சேரும் உலகளாவிய கணினிப் பின்னல் மூன்றாவது, அதுதான் இணையம். வீட்டில் கம்பி இல்லாதவர்கள் டேட்டா என்று பயன்படுத்துவதும் வானொலி அலைதான், ஆனால் அது கோபுரம்வரை போகிறது.

ஆகவே வைஃபை கோடுகள் முழுசாகத் தெரிந்தால், பெட்டியும் கைப்பேசியும் ஒன்றையொன்று நன்றாகப் பார்த்துக்கொள்கின்றன என்று மட்டும் அர்த்தம். பெட்டிக்கு அப்பால் கம்பி அறுந்து கிடக்கலாம், கோடுகளுக்கு அது தெரியாது. சோதிப்பது சுலபம். கைப்பேசியில் வைஃபையை நிறுத்திவிட்டு டேட்டாவில் திறந்து பாருங்கள். திறந்தால் கோளாறு வீட்டு வழியில்தான். அப்புறம் பெட்டியைப் பாருங்கள். பல ஃபைபர் பெட்டிகளில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள், நிறுவனத்துக்குச் சொல்லத்தான் வேண்டும். சிவப்பு இல்லையென்றால் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

தோட்டப்புறத்தில் டேட்டா இழுப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. வானொலி அலைக்கு உலோகம் ஆகாது, துத்தநாகத் தகரக் கூரை அதைத் திருப்பி அடித்துவிடும். ஈரமான இலைகள் அலையை உறிஞ்சும். சுற்றிலும் செம்பனை, தலைக்கு மேல் தகரம் என்று இருக்கும் லயத்து வீட்டுக்குள் இரண்டு கோடு காட்டி, வாசலுக்கு வந்தால் நாலு கோடு காட்டுவது இயல்புதான். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிக்கூடம் வீட்டுக்கு வந்தபோது, மேடான இடமாகத் தேடிப் போய்ப் பிள்ளைகள் பாடம் கேட்டார்கள். கெட்டிக்காரத்தனம், ஆனால் அவர்கள் அப்படி அலைந்திருக்கக் கூடாது. தாமானுக்குக் குடிவந்தவர்களுக்குத் தொல்லை வேறு: செங்கல் சுவர். ரவுட்டர் இரண்டு வகை அலை கொடுக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்று மெதுவானது, அடுக்களைவரை எட்டும். பின்கட்டில் படம் பார்ப்பவர் எதில் இணைந்திருக்கிறார் என்று பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

மலேசியாவில் 3ஜி சேவையை 2021 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். பழைய 3ஜி கைப்பேசியில் பேச முடிகிறது, இணையம் மட்டும் வரவில்லை என்று பாட்டி சொன்னால் அவர் கைமேல் பழி போடாதீர்கள். இணையத்துக்காக அந்தக் கருவி நம்பியிருந்த 3ஜி அலை இப்போது இல்லை.

வேகத்தைப் பற்றி ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும், ஏமாந்ததாக நினைத்துப் பலர் சண்டைக்குப் போகிறார்கள். 100 எம்பிபிஎஸ் என்று விற்பது நொடிக்கு 100 மெகா'பிட்'. கணினியில் கோப்பு இறங்கும்போது காட்டுவது பெரும்பாலும் மெகா'பைட்'. பைட்டுக்கு எட்டு பிட், எனவே எட்டால் வகுத்தால் 12.5. திரையில் 12 என்று காட்டினால் நிறுவனம் சொன்னபடியே தந்திருக்கிறது. 12 எம்பிபிஎஸ் என்று சோதனையில் வந்தால் தாராளமாகச் சண்டை போடுங்கள்.

இப்போது இணையம். சேட்டலைட்டிலிருந்து இறங்குகிறது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாடு விட்டு நாடு போகும் தகவலில் 95 விழுக்காட்டுக்கு மேல் கடலடிக் கம்பிகளில்தான் போகிறது. ஆழ்கடலில் அந்தக் கம்பியின் பருமன் சுமார் 2 சென்டிமீட்டர். உள்ளே தலைமுடி அளவுக் கண்ணாடி இழைகள், அவற்றில் ஒளி மினுக்கி மினுக்கிப் போகிறது. மலேசியாவில் பினாங்கு, மலாக்கா, மெர்சிங் போன்ற இடங்களில் இவை கரையேறியிருக்கின்றன. மெர்சிங் நமக்குத் தெரிந்த இடம்தான், குளுவாங்கிலிருந்து கிழக்கே போனால் தியோமான் தீவுக்குப் படகு ஏறுகிற கடற்கரை.

கடலடிக் கம்பிக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு பழையது. 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போட நினைத்தவர்களுக்கு ஒரு பெரிய தடை இருந்தது: செம்புக் கம்பியைத் தண்ணீர் தொடாமல் எதைக்கொண்டு மூடுவது? விடை மலாயாக் காடுகளில் கிடைத்தது. தாபான் மரத்தின் பால், கட்டா பெர்ச்சா. பால் மரம் என்றதும் நமக்கு ரப்பர்தான் நினைவுக்கு வரும், இது வேறு. ரப்பர் பிரேசிலிலிருந்து வந்த மரம், தாபான் இங்கேயே வளர்ந்தது. அதன் பால் வெந்நீரில் இளகும், ஆறினால் கெட்டியாகும், கடல்நீரில் கெடாது. அதைச் சுற்றித்தான் 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கம்பி போட்டார்கள், பிறகு அட்லாண்டிக் கடலைக் கடந்தார்கள். 1870 - 71இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடல்வழித் தந்தி வந்தது. நம் முன்னோர் கப்பலில் வந்த அதே தடத்தில், கடலடியில் சேதி வந்துகொண்டிருந்தது. சீவி எடுத்தால் பால் கொஞ்சம்தான் வரும் என்று தாபான் மரங்களை அடியோடு வெட்டிச் சாய்த்தார்கள், காட்டில் பெரிய மரமே அரிதாகிப்போனது. உலகம் பேசிக்கொண்டதற்கு ஒரு காடு விலை கொடுத்தது என்பதைப் பள்ளிப் பாடத்தில் சேர்த்தால் தேவலை.

இன்றும் கம்பி அறுந்தால் தெரிந்துவிடும். 2006 டிசம்பர் 26 அன்று தைவானுக்குத் தெற்கே நிலநடுக்கம் வந்து பல கம்பிகள் அறுந்தன. மலேசியா உட்பட ஆசிய நாடுகள் பலவற்றில் இணையம் ஊர்ந்தது, கப்பல்கள் போய் ஒட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆனது.

கம்பியில் தகவல் போகும் விதம் சுவாரசியமானது. 3 மெகாபைட் அளவுள்ள ஒரு படம் முழுசாகப் போவதில்லை. ஏறக்குறைய 1,500 பைட் அளவுள்ள துண்டுகளாக, அதாவது சுமார் 2,000 துண்டுகளாக நறுக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டிலும் போக வேண்டிய முகவரியும் வரிசை எண்ணும் இருக்கும். துண்டுகள் ஒரே வழியில் போக வேண்டும் என்பதில்லை. ஒரு வழி அடைத்தால் வேறு வழி. வழியில் ஒன்று தொலைந்தால் அதை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்தப் பக்கம் வரிசை எண்படி அடுக்கியதும் பேரன் சிரிக்கிறான். பக்கத்து லயத்தில் இருக்கும் சித்திக்கு அனுப்பிய படம்கூட நேராக அங்கே போவதில்லை. வாட்சப் நிறுவனத்தின் கணினி எந்த நாட்டில் இருக்கிறதோ அதுவரை போய்விட்டுத்தான் சித்தி வீட்டுக்கு வரும்.

இந்த முறை 1960களில் யோசிக்கப்பட்டது. 1969 அக்டோபர் 29 அன்று அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகக் கணினியிலிருந்து இன்னொரு ஆய்வகக் கணினிக்கு ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை அனுப்பப் பார்த்தார்கள். இரண்டு எழுத்து போனதும் எதிர்க் கணினி படுத்துவிட்டது. உலகின் முதல் 'லைன் இல்ல' என்று வைத்துக்கொள்ளலாம். 1983இல் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான பேச்சுமுறை நடைமுறைக்கு வந்தது. டிம் பெர்னர்ஸ் லீ 1989இல் முன்வைத்த வலை என்ற யோசனை, அதாவது ஒரு பக்கத்தைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்கும் ஏற்பாடு, பின்னால் வந்தது. சாலை முதலில், கடைகள் பிறகு. வாட்சப்பும் வங்கிச் செயலியும் மின்னஞ்சலும் அதே சாலையில் ஓடுகின்றன, வலைப்பக்கம் திறக்கவில்லை என்றாலும் வாட்சப் போகலாம் என்பது அதனால்தான்.

மலேசியாவில் இணையச் சேவை தந்த நிறுவனங்கள் 1990களின் தொடக்கத்தில் ஜாரிங், 1996இல் டிஎம்நெட். வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் கீச்சுக் கீச்சென்று சத்தம் போட்டு இணையும் காலம் அது. யாராவது ரிசீவரை எடுத்தால் போச்சு.

இனி மூன்றாவது இடம், பிறர் கணினி. கிளவுட், அதாவது மேகம் என்கிறார்கள். பெயரைக் கேட்டு மேலே பார்க்க வேண்டாம், தரையில்தான் இருக்கிறது, நம் பக்கத்திலேயே இருக்கிறது. கூலாயில் பூஸ்டெட் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்த கூலாய் யங் என்ற செம்பனைத் தோட்டத்தை ஒய்டிஎல் குழுமம் வாங்கியது. அந்த நிலத்தில் இப்போது தரவு மையங்கள் எழுகின்றன. வரிசை வரிசையாகக் கணினிகள், இரவும் பகலும் ஓடும், சூடு தணிக்க மின்சாரமும் தண்ணீரும் குடிக்கும். ஜொகூரில் இவை பெருகிய வேகத்தைப் பார்த்து, விண்ணப்பங்களை ஆராய மாநில அரசு 2024இல் தனிக்குழு ஒன்றை அமைத்தது. குலை வெட்டிய நிலத்தில் இன்று யாரோ ஒருவருடைய கல்யாணப் படம் கிடக்கலாம். அந்தத் தோட்டங்களில் பாடுபட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உள்ளே என்ன வேலை கிடைக்கிறது என்பதையும் கேட்கத்தான் வேண்டும், குளிர்சாதனம் பராமரிப்பது முதல் வலையமைப்புப் பொறியியல் வரை அங்கே வேலை உண்டு.

ஒரு படம் பிறர் கணினியில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுள் ஃபோட்டோஸைத் திறந்து, மேலே உங்கள் முகப்படத்தைத் தொடுங்கள். 'பேக்கப்' ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று அங்கே தெரியும். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, ஜிமெயிலும் அதே இடத்தைத்தான் பங்கு போடும். நிரம்பிவிட்டால் பேக்கப் நின்றுவிடும். அப்புறம் எடுத்த படமெல்லாம் கைப்பேசியில் மட்டும் இருக்கும். முகநூலில் போட்ட படம் முகநூலின் கணினியில் இருக்கிறது, கைப்பேசி உடைந்தாலும் அது உடையாது. வாட்சப் நேர்மாறு. நீங்கள் அனுப்பிய செய்தி எதிராளியின் கைப்பேசியில் சேர்ந்ததும் நிறுவனத்தின் கணினியிலிருந்து நீக்கப்படும். பேச்சுவார்த்தை முழுக்க உங்கள் கைப்பேசியிலும் அவர் கைப்பேசியிலும்தான். பழைய கைப்பேசி கெட்டுப்போனால், வாட்சப்புக்குள் தனியாகப் பேக்கப் போட்டிருந்தால்தான் புதுக் கைப்பேசிக்குப் பழைய பேச்சு வரும். பேரன் படத்தைப் பறிகொடுத்தவர் அதை ஏற்கெனவே குடும்பக் குழுவில் அனுப்பியிருந்தால், மகளிடம் கேட்டால் கிடைத்துவிடும்.

இதே கணக்குப் பணத்துக்கும் பொருந்தும், அங்கே சற்று நின்று பேசலாம். வங்கிச் செயலியில் தெரியும் 3,200 வெள்ளி உங்கள் கைப்பேசிக்குள் இல்லை. வங்கியின் கணினியில் ஒரு பதிவு அது. கைப்பேசியில் இருப்பது சாவி: கடவுச்சொல், கைரேகை, அப்புறம் 'டேக்' என்ற ஆறு எண். ஆகவே திருடன் வங்கியை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை, சாவியை வாங்கினால் போதும். போலீஸ் என்று மிரட்டியோ, வரி பாக்கி என்று பயமுறுத்தியோ அவன் கேட்பது அதைத்தான்.

எண்ணைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. வாட்சப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்ற மூன்று ஆங்கில எழுத்து இருக்கும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. தொட்டதும் 'தெரியாத இடத்திலிருந்து வந்தது, நிறுவலாமா?' என்று கைப்பேசி கேட்கும். மரியாதைக்கு எச்சரித்துவிட்டுத்தான் விடும். சரி என்றால், அடுத்து குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கல்யாணப் பத்திரிகைக்கு எதற்கு உங்கள் குறுஞ்செய்தி? அனுமதி கொடுத்த நிமிடத்திலிருந்து வங்கி அனுப்பும் ஆறு எண் உங்களுக்கு முன்னால் அவனுக்குப் போய்விடும். குறுஞ்செய்தி வழி எண் அனுப்புவதைக் கைவிட்டு வேறு பாதுகாப்பான முறைக்கு மாறுமாறு நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இல் வங்கிகளுக்குச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று பல வங்கிகளில் பணம் அனுப்பும் ஒப்புதல் செயலிக்குள்ளேயே நடக்கிறது.

வலைப்பக்கத்தின் முகவரி ஓரத்தில் சில கைப்பேசிகளில் தெரியும் பூட்டுப் படத்தை நம்பி ஏமாறுபவர்களும் உண்டு. உங்களுக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. அந்தப் பக்கம் இருப்பவன் யோக்கியனா என்று பூட்டுக்குத் தெரியாது. திருடனும் பூட்டு வாங்கலாம், காசுகூட ஆகாது. பார்க்க வேண்டியது முகவரியை. அதில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன்னால் உள்ள பகுதியில், வங்கியின் பெயர் நடுவில் எங்கோ இருந்து, முடிவில் வேறு ஏதோ ஒரு பெயர் இருந்தால் அது வங்கி இல்லை. இன்னும் நல்லது, யாரோ அனுப்பிய இணைப்பைத் தொடாமல் செயலியை நீங்களே திறப்பது.

ஒருவேளை தொட்டுத் தொலைத்துவிட்டீர்கள் என்றால், அந்தக் கைப்பேசியில் வைஃபை, டேட்டா இரண்டையும் உடனே நிறுத்துங்கள். வேறொருவர் கைப்பேசியிலிருந்து வங்கியை அழையுங்கள், அல்லது 997. அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண், 2022இல் தொடங்கியது. பிள்ளைகள் திட்டுவார்களே என்று மறுநாள்வரை பொத்தி வைத்திருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். திட்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். அழைக்கும் முன் எத்தனை மணிக்குப் போனது, எவ்வளவு, எந்தக் கணக்குக்கு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். திருடிய பணம் ஒரு கணக்கில் அதிக நேரம் தங்காது, கை மாறிக்கொண்டே போகும். அது இந்த நிமிடம் எந்த வங்கியில், எந்தக் கணக்கில் நிற்கிறது என்று தேடி, அங்கேயே முடக்கப் பார்ப்பதுதான் அந்த மையத்தார் செய்யும் முதல் வேலை.